தலைக்கு மேல் ஒரு பள்ளம்

2010, ஆடி மாதம். தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் வழியில் ஒரு கிராமத்து வீடு. மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில் பொருத்தியிருந்த டிஷ்ஷின் நட்டுகளை ஸ்பானரால் தளர்த்திக்கொண்டிருந்தார் மெக்கானிக். கீழே டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பையன்தான் அவருடைய அளவுமானி.

"வருதாடா?"

"வர்லண்ணா."

"இப்ப?"

"வருது, வருது... போச்சுண்ணா!"

வீட்டுப் பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "போன மாசம் வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு, எதுக்கு அதத் திருப்பற?"

"அந்த சேட்டிலைட்டு கெட்டுப்போச்சுங்க. இனிமே பக்கத்துல இருக்கற மலேசியாக்காரங்க சேட்டிலைட்டுங்க."

பெரியவர் டிஷ் பார்க்கும் திசையிலேயே கண்ணை ஓட்டினார். பக்கத்துத் தோட்டத்துத் தென்னைமரம்தான் தெரிந்தது. "அது அங்கயே நிக்குமா?"

"நிக்குங்க."

"எத்தினி நாளைக்கு?"

மெக்கானிக் பதில் சொல்லாமல் நட்டை முறுக்கினார். பெரியவர் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை.

கெட்டுப்போனது இன்சாட்-4பி. 2007 மார்ச்சில் தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து புறப்பட்டு, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் போய் நின்ற செயற்கைக்கோள். 2010 ஜூலை 7 அன்று அதன் சூரியத் தகட்டின் மின்சாரத்தில் கோளாறு. சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் 24 டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த டிடிஎச் சேவை ஒன்று 91.5 டிகிரியில் நின்ற மலேசியாவின் மீசாட்-3க்கு மாறியது. வரைபடத்தில் 2 டிகிரி வித்தியாசம். தருமபுரி மாடியிலிருந்து பார்த்தால் 2.3 டிகிரி, அதாவது நாலரை முழுநிலவை வரிசையாக அடுக்கும் அகலம். 60 சென்டிமீட்டர் டிஷ் ஒன்றின் பார்வை அகலம் ஏறக்குறைய 3 டிகிரி. நடுவிலிருந்து பக்கத்துக்கு ஒன்றரை டிகிரி விலகினாலே சிக்னல் பாதியாகிவிடும். அதனால்தான் அத்தனை வீடுகளிலும் ஸ்பானர் ஏறியது.

தென்னைமரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தருமபுரியில் இன்சாட்-4பி தென்கிழக்கே, தொடுவானிலிருந்து 67 டிகிரி உயரத்தில் இருந்தது. கிட்டத்தட்ட உச்சி. டிஷ்ஷோ அடுத்த வீட்டை எட்டிப் பார்ப்பதுபோல் நிற்கும். இந்தச் சின்ன டிஷ்கள் ஒரு பெரிய கிண்ணத்தின் ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்த மாதிரியானவை. கைபோல் நீண்டிருக்கும் எல்என்பி (அலைகளை வாங்கும் கருவி), வரும் அலைகளை மறைக்காமல் கீழே ஒதுங்கியிருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆகவே டிஷ்ஷின் முகம் ஒரு பக்கம், அதன் பார்வை அதற்கு 25 டிகிரி வாக்கில் மேலே. டிஷ் பார்க்கும் இடத்தைப் பெரியவர் தேடியதில் தப்பில்லை, அது மாறுகண்.

சரி, அது ஏன் நிற்கிறது?

பூமிக்கு 400 கி.மீ. மேலே பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையம் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடுகிறது. சுமார் 3,84,000 கி.மீ. தள்ளியிருக்கும் நிலாவுக்கு 27 நாள் ஆகிறது. தூரம் கூடக்கூட வேகம் குறைகிறது, பாதையும் நீளுகிறது. அப்படியானால் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு நாள் ஆக வேண்டும். கெப்ளரின் விதியில் போட்டுக் கணக்கிட்டால் அந்த இடம் தரையிலிருந்து 35,786 கி.மீ. உயரம். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, அந்த உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வினாடிக்கு 3 கி.மீ. சொச்சம் ஓடும் பொருள், பூமியோடு சேர்ந்து திரும்புவதால் நமக்கு நிற்பதாகத் தெரியும். 1945-இல் இந்தப் பாதையில் மூன்று நிலையங்களை வைத்தால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று ஒரு பிரிட்டிஷ் வானொலி இதழில் எழுதினார் ஆர்தர் சி. கிளார்க். பின்னாளில் இலங்கையில் குடியேறி, கடைசிவரை கொழும்பில் வாழ்ந்தவர். 1964-இல் சின்காம்-3 அந்தப் பாதையில் போய் நின்றது. அதுவரை அது காகிதக் கணக்குதான்.

பாடப்புத்தகம் இங்கே நிறுத்திக்கொள்ளும். நிறுத்தக் கூடாது என்பது என் கட்சி. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அருவிக்குப் பக்கத்தில், பயணிகள் படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று பரிசலை ஒரே இடத்தில் நிறுத்துவார். நிறுத்துவார் என்று நாம்தான் சொல்கிறோம். அவர் துடுப்பு ஓய்வதே இல்லை. இந்தப் பக்கம் ஒரு தள்ளு, அந்தப் பக்கம் ஒரு தள்ளு. துடுப்பை மடியில் வைத்தால் அடுத்த நிமிடம் பரிசல் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. 93.5 டிகிரியில் ஒரு கோள் நிற்பதும் இந்த மாதிரி நிற்பதுதான்.

அங்கே நீரோட்டம் எது? முதலில் நிலாவும் சூரியனும். இரண்டும் கோளின் பாதைத் தளத்தை ஒவ்வோர் ஆண்டும் முக்கால் டிகிரி முதல் ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவுவரை சாய்த்துவிடுகின்றன. சாய்ந்த பாதையில் ஓடும் கோள் தரையிலிருந்து பார்க்கும்போது ஒரு நாளில் வடக்கும் தெற்குமாக ஏறி இறங்கி, 8 போட்டுக் காட்டும். நம்முடைய நாவிக் வழிகாட்டிக் கோள்கள் சிலவற்றை வேண்டுமென்றே 29 டிகிரி சாய்வில் விட்டு இப்படி 8 போட வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு அது தொழில். டிவி கோளுக்கு அது நோய். மாடியில் திருகி வைத்த டிஷ் அதன் பின்னால் ஓட முடியாது. ஆகவே சாய்வை நிமிர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். எரிபொருளில் பெரும்பகுதி இதற்கே போகிறது: ஆண்டுக்கு வினாடிக்கு 50 மீட்டர் அளவு வேகத் திருத்தம். இரண்டாவது நீரோட்டம் கிழக்கு மேற்காக ஓடுவது. அதற்குத் தேவை ஆண்டுக்கு அதிகபட்சம் வினாடிக்கு 2 மீட்டர்தான். அற்பம். ஆனால் கதை இருப்பது அந்த அற்பத்தில்.

அதற்கு முன்னால் துடுப்பு போடுகிறவர்களைப் பார்த்துவிடலாம். கர்நாடகத்தின் ஹாசனில் 1982 முதல் இயங்கும் தலைமைக் கட்டுப்பாட்டு நிலையம்தான் இந்தியாவின் நிலைத்த கோள்களை மேய்க்கிறது. 2005-இல் போபாலில் இரண்டாவது நிலையம் வந்தது. இதற்கான பயிற்சி ஹாசனுக்கும் முன்பே, 1981 ஜூனில் ஏவப்பட்ட ஆப்பிள் கோளில் கிடைத்தது. அதை மாட்டு வண்டியில் ஏற்றி வைத்த படத்தைப் பார்த்துப் பலரும் ஏழை நாட்டின் விண்வெளி என்று நெகிழ்ந்துபோவார்கள். உண்மையில் அது ஆன்டெனா சோதனை. உலோக வாகனம் அலைகளைப் பிரதிபலித்து அளவைக் கெடுக்கும், மரவண்டி கெடுக்காது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் ஆர். எம். வாசகம், பிற்பாடு அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தரானவர். மேலே போனதும் ஆப்பிளின் இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்று விரிய மறுத்தது. மிச்சமிருந்த ஒற்றைத் தகட்டோடு அதை 102 டிகிரியில் நிறுத்தி, இரண்டு ஆண்டுக்கு மேல் வேலை வாங்கினார்கள்.

துடுப்பு போட முதலில் கோள் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். கோளைப் பின்தொடர்வது என்றதும் சுழன்று சுழன்று துரத்தும் ராட்சத ஆன்டெனா நினைவுக்கு வரும். நிலைத்த கோள் ஓடாது. ஓடாததாலேயே அது எங்கே இருக்கிறது என்று சொல்வது கடினமாகிறது. தாழ்வாகப் பறக்கும் கோள் பத்து நிமிடத்தில் வானத்தைக் கடக்கும்; அந்தப் பத்து நிமிட வேக மாற்றமே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடும். நிற்கிற கோள் வாயைத் திறக்காது. தரையிலிருந்து ஓர் ஒலியைப் போன்ற குறியலையை அனுப்புகிறார்கள். கோள் அதை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. போய்வர எடுத்த நேரம், கால் வினாடிக்குச் சற்றுக் குறைவு, அதிலிருந்து தூரம் கிடைக்கும். அந்த நேரத்தில் ஒரு மைக்ரோவினாடி பிசகினால் தூரத்தில் 150 மீட்டர் பிசகும். இது நன்றாகவே அளக்க வருகிறது. ஆனால் தூரம் மட்டும் தெரிந்தால் போதுமா?

ஹாசன் இருப்பது 76 டிகிரியில். இந்தியக் கோள்களுக்கான இருக்கைகளில் ஒன்றான 74 டிகிரியில் நிற்கும் கோள் கிட்டத்தட்ட அதன் நேர் தெற்கே. அந்தக் கோள் கிழக்கே 10 கி.மீ. வழுக்கினால் ஹாசனிலிருந்து அதற்குள்ள தூரம் சுமார் 60 மீட்டர்தான் மாறும். அதே 10 கி.மீ.யை 93.5 டிகிரிக் கோள் வழுக்கினால் 500 மீட்டர் மாறும். கூரை உச்சியில் நிற்பவர் ஓரடி நகர்ந்ததைக் கீழே நேர் அடியில் இருப்பவரைவிட எட்ட நிற்பவர் சுலபமாகக் கண்டுபிடிப்பார் அல்லவா, அந்த மாதிரி. ஆகவே தூரத்தோடு ஆன்டெனாவின் கோணத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதுவும் முரட்டு அளவு. கோணத்தில் நூறில் ஒரு டிகிரி தவறினால் அந்த உயரத்தில் 6 கி.மீ. தவறு. ஒரு முழு நாள், முடிந்தால் பல நாள், விடாமல் அளந்து, கோளின் தினசரிச் சின்ன ஆட்டத்திலிருந்து பாதையைப் பிழிந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பிறகுதான் எந்த உந்துபொறியை எத்தனை வினாடி எரிப்பது என்ற முடிவு.

இத்தனை பாடுபட்டுக் கோளை எவ்வளவு துல்லியமாக நிறுத்துகிறார்கள்? இருக்கையிலிருந்து கிழக்கு மேற்கிலும் வடக்கு தெற்கிலும் பத்தில் ஒரு டிகிரி விலகலாம் என்பது வழக்கமான வரம்பு. டிகிரியில் கேட்டால் நூலிழை. கிலோமீட்டரில் அது ஒவ்வொரு பக்கமும் 73 சொச்சம். பெட்டியின் மொத்த அகலம் 147 கி.மீ. தருமபுரியிலிருந்து பெங்களூருவைத் தாண்டும் தூரம். அதற்குள் கோள் உலாத்திக்கொண்டிருக்கிறது. 36,000 கி.மீ. கீழே இருக்கும் நமக்கு அது ஆணி அடித்தாற்போல் நிற்கிறது.

இப்போது அந்த அற்ப நீரோட்டத்துக்கு வருகிறேன். பூமி துருவங்களில் சற்றுத் தட்டை என்று பள்ளியிலேயே படித்தோம். பூமத்திய ரேகையும் சுத்தமான வட்டம் இல்லை என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. பூமியை லேசாக அமுக்கிய எலுமிச்சையாக நினைத்துக்கொண்டு நடுவில் குறுக்கே வெட்டினால் கிடைக்கும் முகம் ஒரு நீள்வட்டம். அதன் நீண்ட விட்டத்துக்கும் குட்டை விட்டத்துக்கும் வித்தியாசம் 140 மீட்டர் வாக்கில், 12,756 கி.மீ.யில் 140 மீட்டர். நீண்ட முனைகள் ஒன்று ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக்கில், இன்னொன்று பசிபிக்கில், கிழக்கே 165 டிகிரி அருகில். குட்டை முனைகளில் ஒன்று மேற்கு 105 டிகிரியில். மற்றொன்று கிழக்கு 75 டிகிரியில், நமக்குக் கீழே இந்தியப் பெருங்கடலில்.

93.5 டிகிரிக் கோளைப் பசிபிக் பக்கத்துப் புடைப்பு கிழக்கே, அதாவது அது ஓடும் திசையிலேயே, மெல்ல இழுக்கிறது. கிழக்கே போகும் என்றுதானே நினைப்போம்? போகாது. முன்னால் இழுபடும் கோளுக்கு ஆற்றல் கூடும், கூடினால் பாதை உயரும், உயர்ந்த பாதையில் சுற்று மெதுவாகும், மெதுவானால் பூமி அதை முந்திக்கொண்டு திரும்பும். விளைவு: கோள் மேற்கே நழுவும். முன்னால் இழுத்தால் பின்னால் போகும் கழுதை. 55 டிகிரியில் இருக்கும் கோளுக்கு இதே கணக்கு தலைகீழாக நடந்து, அது கிழக்கே நழுவும். இரண்டு பக்கத்திலிருந்தும் எல்லாம் 75 டிகிரியை நோக்கிச் சரியும். அங்கே போய்ச் சும்மா நிற்பதும் இல்லை. கிண்ணத்தில் உருட்டிய கோலிக்குண்டுபோல் அந்தப் பக்கம் ஏறி, திரும்பி இந்தப் பக்கம் ஏறி, இரண்டு ஆண்டுக்கு மேல் எடுத்து ஓர் ஆட்டம் ஆடும்.

ஆக, வானத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. தருமபுரிக்காரருக்கு முகவரி: தெற்கே முகம்வைத்து நின்று, வலப்பக்கம் கொஞ்சம் திரும்பி, 75 டிகிரி அண்ணாந்தால் வரும் இடம். பூமியைச் சுற்றி இப்படி இரண்டு பள்ளம்தான். ஒன்று நம் தலைக்கு மேல்.

இங்கே எனக்கு ஒரு பழைய ஆள் நினைவுக்கு வருகிறார். 1802-இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய வில்லியம் லாம்டன், பிறகு 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டி இந்தியாவின் நெடுகிலும் ஒரு நெடுவில்லை அளந்துகொண்டு போனார். அந்த ரேகை தருமபுரிக்கும் பென்னாகரத்துக்கும் நடுவில்தான் செல்கிறது. அவர் பார்த்த வேலையைக் கும்பினியார் நில அளவை என்று நினைத்திருக்கலாம். அவருடைய ஆசை பூமியின் வடிவத்தைக் கண்டுபிடிப்பது. அவர் சங்கிலி இழுத்துத் தேடிய வடிவத்தைத்தான் கோள்கள் இப்போது நழுவி நழுவிக் காட்டுகின்றன. கன்னியாகுமரிக்குத் தெற்கே ஈர்ப்பு குறைந்து, கடல்மட்டமே சராசரி வடிவத்துக்கு 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கும் பகுதி ஒன்றும் இந்தப் பக்கத்தில் உண்டு. அதன் காரணம் பூமிக்குள் ஆழத்தில் மேலெழும் சூடான பாறைக்குழம்பில் இருக்கிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அந்தத் தாழ்வும் வானத்துப் பள்ளமும் ஒன்றல்ல. ஆனால் பூமிக்குள் எடை சமமாகப் பரவவில்லை என்ற ஒரே உண்மையின் இரண்டு முகங்கள்.

பள்ளத்தில் என்ன கிடக்கிறது? எரிபொருள் தீர்ந்ததும், கோளாறாகிப் பேச்சை நிறுத்தியதும் எல்லாம். ஆள் இல்லாத பரிசல்கள். அமெரிக்கப் பக்கத்துப் பள்ளத்தை நோக்கி ஒன்று போனதை உலகமே பார்த்தது: 2010 ஏப்ரலில் கேலக்சி-15 கட்டளை கேட்பதை நிறுத்தியது, ஆனால் ஒலிபரப்பை நிறுத்தவில்லை. வாயை மூடாமலே மற்றக் கோள்களின் இருக்கை வழியாக நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கோள்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். டிசம்பரில் மின்கலம் வற்றி அணைந்து, தானாக மறுபடி தொடங்கியபின் சொன்னபடி கேட்டது. அதற்கு அதிர்ஷ்டம். நம் பக்கத்துப் பள்ளத்தில் ஆடிக்கொண்டிருக்கும் பழையவற்றுக்கு அப்படி ஒன்றும் நடக்காது. அவற்றின் பாதைகள் சாய்ந்தும் போயிருக்கின்றன. 15 டிகிரி சாய்ந்த ஒன்று, நிற்கும் கோள்களின் வரிசையை ஒரு நாளில் இரண்டு முறை, வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் குறுக்கே வெட்டும். இந்தியாவின் 74, 83 டிகிரி இருக்கைகள் இந்தப் பள்ளத்தின் சரிவிலேயே இருக்கின்றன. அங்கே இருப்பதில் லாபமும் உண்டு, கிழக்கு மேற்குத் தள்ளுக்கு எரிபொருள் அதிகம் ஆகாது. ஆனால் தெருவில் எந்நேரமும் மாடு குறுக்கே வரும். 2021-இல் மட்டும் இஸ்ரோ தன் நிலைத்த கோள்களை மோதலிலிருந்து தப்புவிக்க ஐந்து முறை ஒதுக்கி ஓட்டியது.

கோள் பள்ளத்தில் விழாமலிருக்க, கடைசிச் சொட்டு எரிபொருளை மிச்சம் பிடித்து மேலே ஏற்றிவிட வேண்டும். கடைசிச் சொட்டு எது என்பதில்தான் சிக்கல். எடையற்ற இடத்தில் திரவம் தொட்டிக்குள் எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும்; வண்டியில் இருப்பதுபோல் முள் காட்டும் மானி அங்கே வேலைக்காகாது. புறப்பட்ட நாளிலிருந்து எந்தப் பொறி எத்தனை வினாடி எரிந்தது என்று மளிகைக்கடைப் பற்று எழுதுவதுபோல் எழுதிவைத்து, கழித்துப் பார்க்கிறார்கள். பதினைந்து ஆண்டுச் சின்னப் பிழைகளெல்லாம் சேர்ந்து நிற்கும் கணக்கு அது. சில மாதத்துக்கான வருமானத்தை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே ஏற்றிவிட எந்த நிறுவனத்துக்கும் மனசு வராது. வர வேண்டும் என்பது இப்போது உலக வழக்கம்.

இன்சாட்-4பிக்கு அது நடந்தது. பாதி உயிரோடு பல ஆண்டு ஓடி, 2022 ஜனவரியில், பல தவணைகளாகப் பொறியை இயக்கி, தன் பழைய பாதைக்கு 340 கி.மீ. மேலே ஏறி அணைந்தது. பெரியவரின் "எத்தினி நாளைக்கு" கேள்வியை இந்தக் கோளுக்குக் கேட்டால் விடை: பதினைந்து ஆண்டுக்கு இரண்டு மாதம் குறைவு.

அது இருந்த இடத்தைப் பார்க்க ஆசை இருந்தால் சூரியனே காட்டும். மார்ச் 15-ஐ ஒட்டியும் செப்டம்பர் 28-ஐ ஒட்டியும் சில நாட்கள், தருமபுரியில் காலை 11 மணி வாக்கில், சூரியன் 93.5 டிகிரி இருக்கைக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. அதன் இரைச்சலில் சில நிமிடம் படம் கட்டம் கட்டமாக உடையலாம். கேபிள்காரரைத் திட்ட வேண்டாம்.

இரவில் இன்னும் நல்ல வழி உண்டு. தருமபுரி பூமத்திய ரேகைக்கு 12 டிகிரி வடக்கே இருப்பதால், கோள்களின் வரிசை வான நடுவரைக்கு 2 டிகிரி தெற்கே தள்ளித் தெரிகிறது. திருவாதிரை இருக்கும் ஓரியன் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரம் உண்டே, அதில் கடைசியாக உதிக்கும் நட்சத்திரம் ஏறக்குறைய அதே கோட்டில்தான் பயணம் செய்கிறது. தை மாத இரவில் அது கிழக்கிலிருந்து மேற்கே போகும் தடம்தான் கோள்கள் நிற்கும் தெரு. கண்ணுக்கு அவை தெரியாது, அவ்வளவு மங்கல். வத்தல்மலைமேல் நிலா இல்லாத இரவில் கேமராவை முக்காலியில் அசையாமல் வைத்து, அந்தத் தெருவைப் பார்த்துப் பல நிமிடம் படம் எடுக்க வேண்டும். எதையும் பின்தொடரவே கூடாது. நட்சத்திரங்கள் எல்லாம் கோடுகளாக இழுபடும். கோடுகளுக்கு நடுவில் சில புள்ளிகள் புள்ளியாகவே இருக்கும். அவை இன்றும் யாரோ துடுப்பு போட்டுக்கொண்டிருக்கும் கோள்கள்.

340 கி.மீ. மேலே ஏறிய கோள் பூமியைவிட நாளுக்கு 4 டிகிரிக்கு மேல் பின்தங்கும். அப்படியே நழுவி, எண்பது நாளுக்கு ஒரு முறை உலகைச் சுற்றி வந்துவிடும். வாய்த்தால் உங்கள் படத்தில் புள்ளிகளுக்குப் பக்கத்தில் ஒரு மிகச் சின்னக் கீற்று இருக்கலாம். இன்சாட்-4பி பென்னாகரம் சாலையைத் தாண்டி மேற்கே போய்க்கொண்டிருக்கும்.